அடைக்கலம் கேட்ட யூதர்கள்: உலகம் சொன்ன பதிலும் இந்தியா சொன்ன பதிலும்



ஹிட்லரின் ஆட்சியில் அறுபது இலட்சம் யூத மக்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். தேர்வுக்காக மனப்பாடமும் செய்கிறார்கள். நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்தால், யாராவது ஒரு பிள்ளை தவறாமல் ஒரு கேள்வி கேட்கும். "தாத்தா, ஆபத்து வருகிறது என்று தெரிந்ததும் அவர்கள் ஏன் வேறு நாட்டுக்குப் போய்விடவில்லை?"

நியாயமான கேள்வி. சுருக்கமான பதில் இதுதான்: அவர்கள் போகத்தான் முயன்றார்கள். 1933 முதல் 1939 வரை, படுகொலை தொடங்குவதற்கு முன்பு, ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் ஹிட்லரின் அரசே அவர்களை வெளியேறச் சொல்லி நெருக்கியது. உள்ளே வரச் சொல்லும் நாடுதான் கிடைக்கவில்லை. அந்தக் கதையையும், அதில் நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூருக்கு இருந்த பங்கையும் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். பொறியியல் பட்டயப் படிப்பு முடித்து, இரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் பறிபோனது காகிதம்

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் பிரதம மந்திரியானார். அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் யூதர்கள் வாழ்ந்தனர். அதாவது மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய யூதர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. யூதர் இனி குடிமகன் அல்லர் என்றாயிற்று. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. அங்கிருந்த யூதர்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். உயிர் போவதற்கு வெகுநாள் முன்பே வேலை போயிற்று, குடியுரிமை போயிற்று, வீடும் சேமிப்பும் போயின. வெளியேற விரும்பியவரிடம் சொத்தில் பெரும் பகுதியை வரியாகப் பிடுங்கிக்கொண்டு, கையில் சொற்பக் காசுடன் அனுப்பினார்கள். ஆகவே ஒரு யூதக் குடும்பம் வேற்று நாட்டுத் தூதரகத்தின் வாசலில் போய் நின்றபோது ஏழையாகத்தான் நின்றது. "எங்கள் நாட்டுக்கு வந்து எப்படிப் பிழைப்பீர்கள்?" என்பதே அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி.

1938 இலையுதிர் காலத்தில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் அவர்கள் யூதர் என்பதைக் காட்டும் சிவப்பு எழுத்து முத்திரை ஒன்று குத்தப்பட்டது. சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் நடத்திய பேச்சின் விளைவு அது. எல்லையில் யாரைத் திருப்பி அனுப்புவது என்று எளிதில் அடையாளம் காண அந்த எழுத்து உதவியது.

லைன் கிளியர் கிடைக்காத வண்டி

ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால், அடுத்த நிலைய மாஸ்டர் 'லைன் கிளியர்' கொடுக்க வேண்டும். வண்டியில் நீராவி தயாராக இருக்கலாம், ஓட்டுநர் தயாராக இருக்கலாம், பின்னாலிருந்து வெள்ளமே வந்துகொண்டிருக்கலாம். அடுத்த நிலையம் ஒப்புக்கொள்ளாமல் சிக்னல் இறங்காது. யூதர்களின் நிலை அப்படித்தான் இருந்தது. பின்னால் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. உலகத்தில் எந்த நிலையமும் லைன் கிளியர் கொடுக்கவில்லை.

இதைப் பேசித் தீர்க்க அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு மாநாட்டைக் கூட்டினார். 1938 ஜூலை 6 முதல் 15 வரை பிரான்ஸ் நாட்டின் எவியான் என்ற ஏரிக்கரை ஊரில், ஒரு பெரிய ஹோட்டலில், 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். எந்த நாடும் தன் தற்போதைய சட்டம் அனுமதிப்பதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை என்ற உறுதிமொழி அழைப்பிலேயே இருந்தது. பலன் என்னவாக இருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒவ்வொருவராக எழுந்து அனுதாபம் தெரிவித்தனர். பிரான்ஸ், தன்னால் தாங்கக்கூடிய அளவை எட்டிவிட்டதாகச் சொன்னது. பிரிட்டன், தன் குடியேற்ற நாடுகளில் இடமில்லை என்றது. பாலஸ்தீனத்தைப் பற்றிய பேச்சையே அது தவிர்த்தது. ஆஸ்திரேலியா, தங்களிடம் இனப் பிரச்சினை ஏதும் இல்லை, ஒன்றை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்று கூறியது. அமெரிக்கா, ஆண்டுக்கு 27,370 பேர் என்ற தன் பழைய கணக்கை விட்டு நகரவில்லை. டொமினிகன் குடியரசு என்ற சிறிய தீவு நாடு மட்டும் ஒரு இலட்சம் பேர் வரை ஏற்கத் தயார் என்றது. அங்கும் கடைசியில் போய்க் குடியேறியவர்கள் சில நூறு பேர்தான்.

இந்தப் பிரதிநிதிகள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: எங்கள் நாட்டிலேயே வேலையில்லாத் திண்டாட்டம், எங்கள் மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வருபவர்கள் நம் மொழி பேசத் தெரியாதவர்கள், ஒருவரைச் சேர்த்தால் ஆயிரம் பேர் வருவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். 32 நியாயங்களையும் சேர்த்து வைத்தபோது ஒரு சுவர் எழும்பிவிட்டது.

மாநாடு முடிந்து நான்கே மாதத்தில், 1938 நவம்பர் 9-ஆம் தேதி இரவு, ஜெர்மனியெங்கும் யூதர்களின் கோயில்களும் கடைகளும் தீக்கிரையாயின. ஏறத்தாழ 30,000 ஆண்கள் சிறை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1939 மே மாதம் 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பல் 937 பயணிகளுடன் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து கியூபாவுக்குச் சென்றது. கியூபா சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவிடவில்லை. அமெரிக்கக் கரையோரத்தின் விளக்குகள் தெரியும் தூரத்தில் கப்பல் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கும் அனுமதியில்லை. கடைசியில் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நாடுகள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டன் தவிர மற்ற மூன்றும் ஓராண்டுக்குள் ஜெர்மனியின் கைக்குப் போயின. அந்தப் பயணிகளில் 254 பேர் பின்னர் படுகொலையில் மாண்டனர்.

திறந்த சில கதவுகள்

திறந்த கதவுகளும் இருந்தன. 1938 டிசம்பர் முதல் போர் தொடங்கும் வரை ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பிரிட்டன் ஏற்றது. இரயிலேறி, கப்பல் மாறி, மீண்டும் இரயிலேறி அவர்கள் இலண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் வந்திறங்கினர். பெற்றோருக்கு அனுமதியில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாய் தந்தையரை அதற்குப் பின் பார்க்கவே இல்லை. பிராக் நகரிலிருந்து நிக்கலஸ் விண்டன் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் 669 குழந்தைகளை இப்படி அனுப்பி வைத்தனர். கடைசி வண்டி 1939 செப்டம்பர் 1 அன்று புறப்படவேண்டும். அன்றைக்கே போர் தொடங்கியது. வண்டி நகரவில்லை. இரயில்வேக்காரனான எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வேதனை தரும் செய்தி இதுதான். அதே ஐரோப்பாவின் இருப்புப் பாதைகளில்தான் பின்னர் மரண முகாம்களுக்கு வண்டிகள் ஒழுங்காக ஓடின.

சீனாவின் ஷாங்காய் துறைமுகத்தில் இறங்க விசா தேவைப்படவில்லை. எனவே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போய்ச் சேர்ந்தனர். வியன்னாவிலிருந்த சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங்ஷான் மேலிடத்தின் விருப்பத்தை மீறி விசாக்களை எழுதிக் கொடுத்தார். சுவிட்சர்லாந்து எல்லையில் பால் குரூனிங்கர் என்ற போலீஸ் அதிகாரி, ஆவணங்களில் முன்தேதியிட்டு நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட்டார். அதற்காக 1939-இல் வேலை இழந்து, வறுமையில் வாழ்ந்து, 1972-இல் மறைந்தார். அவர்மீதிருந்த குற்றத்தை நீதிமன்றம் நீக்கியது 1995-இல்தான். இவர்கள் கையில் இருந்தது பேனாவும் முத்திரையும் மட்டுமே.

இந்தியாவுக்கு வந்தவர்கள்

அன்று இந்தியா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. விசா கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். வருபவருக்கு இங்கே வேலை தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் அவர் அரசுக்குப் பாரமாகமாட்டார் என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும். இதற்காகவே 1934-இல் பம்பாயில் யூத நிவாரணச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியாவில் வாழ்ந்த யூதர்கள் நன்கொடை திரட்டி, வருபவர்களுக்காகப் பொறுப்புக் கையெழுத்திட்டனர். தங்க இடமும் வேலையும் தேடிக் கொடுத்தனர். அப்படியும் மொத்தமாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேருக்கு மேல் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது ஒரு கைப்பிடி.

வந்தவர்களுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் எல்லாரும் 'எதிரி நாட்டவர்' ஆயினர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரையும் ஹிட்லரின் ஆளையும் ஒரே முகாமில் அடைத்தனர். அகமத்நகர் முகாம் அப்படிப்பட்டது. விசாரணைக்குப் பிறகு அகதிகளில் பலர் விடுவிக்கப்பட்டனர்.

அந்த ஒரு கைப்பிடி மனிதர்களில் ஒருவரை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும், பெயர் தெரியாமலேயே. அதிகாலையில் வானொலியைத் திருப்பினால் நிகழ்ச்சிகள் தொடங்குமுன் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் அடையாள இசை நினைவிருக்கிறதல்லவா? அதை அமைத்தவர் என்று குறிப்பிடப்படுபவர் வால்டர் காஃப்மன். 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசையறிஞர். திருவையாற்று ஆராதனை ஒலிபரப்புக்கு விழித்து எழுந்த நம் தாத்தாக்களின் காதில் முதலில் விழுந்தது ஓர் அகதியின் இசை.

பெங்களூரில் நடந்தது

இனி நம் பகுதிக்கு வருவோம். சித்தூரிலிருந்து பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூர். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக 1933-இல் பொறுப்பேற்றவர் சர் சி.வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்ததால் அங்கே பள்ளிப் படிப்பை முடித்தவர். அதாவது நம் பிள்ளைகளைப் போலவே, ஆந்திர மண்ணில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் பார்ன் என்ற பெரும் இயற்பியல் அறிஞர் இருந்தார். யூதர். 1933-இல் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலில் தம் பெயர் இருப்பதைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இங்கிலாந்தில் அவருக்குத் தற்காலிக வேலை மட்டும் கிடைத்தது. இராமன் அவரை அழைத்தார். 1935-36-இல் ஏறத்தாழ ஆறு மாதம் பார்னும் மனைவி ஹெட்விக்கும் பெங்களூரில் தங்கினர். அவரை நிரந்தரப் பேராசிரியராக்கிவிட வேண்டும் என்று இராமன் முனைந்தார்.

அதற்கான பேராசிரியர் கூட்டத்தில் இராமன் பார்னை மிகவும் புகழ்ந்து பேசினார். பின்னர் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்தார். பார்ன் குடும்பம் நட்புடன் பழகிய மனிதர்தான். தம் சொந்த நாட்டாலேயே விரட்டப்பட்ட ஓர் இரண்டாந்தர அயல்நாட்டவர் இந்தக் கழகத்துக்குப் போதாது என்ற பொருளில் அவர் பேசினார். பார்ன் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பியதும் அழுதுவிட்டதாகப் பின்னர் எழுதியிருக்கிறார்.

அந்த நிரந்தரப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1936-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. இராமனுக்கோ கழகத்தில் பல காரணங்களால் எதிர்ப்பு வளர்ந்து, 1937-இல் இயக்குநர் பதவியை விட நேர்ந்தது. 1954-இல் பார்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'இரண்டாந்தரம்' என்று சொன்னவரைப் பார்த்து நாம் இன்று சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதையை நோபல் பரிசுக்காக நான் சொல்லவில்லை. விரட்டப்பட்டதையே ஒருவரின் தகுதிக் குறைவாகக் காட்டும் தந்திரத்தைக் கவனியுங்கள். உன் வீட்டில் திருடன் புகுந்தான், எனவே நீ சரியில்லாதவன் என்பது போன்ற வாதம் அது. பார்ன் நோபல் பரிசு பெறாமல் சாதாரண பள்ளி ஆசிரியராக இருந்திருந்தாலும் அந்த வாதம் தவறானதே.

காங்கிரஸில் நடந்த விவாதம்

நம் தலைவர்கள் என்ன நினைத்தார்கள்? ஒரே குரலாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காந்தியடிகள் 1938 நவம்பர் 26 அன்று 'ஹரிஜன்' இதழில் யூதர்களைப் பற்றி எழுதினார். தம் அனுதாபம் முழுவதும் அவர்களுக்கே என்றார். ஜெர்மனியிலிருந்தபடியே அவர்கள் சத்தியாக்கிரகம் செய்யலாம் என்றும் யோசனை சொன்னார். ஜெர்மனியிலிருந்து வெளியேறி அதே ஆண்டு ஜெருசலேம் போய்ச் சேர்ந்திருந்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், ஆங்கிலேய அரசும் ஹிட்லரின் அரசும் ஒன்றல்ல என்று மரியாதையுடன் மறுத்து, 1939-இல் நீண்ட கடிதம் எழுதினார்.

நேரு ஐரோப்பாவை நேரில் பார்த்துவிட்டு 1938-இன் இறுதியில் திரும்பியிருந்தார். அந்த டிசம்பரில் காங்கிரஸ் காரியக் கமிட்டியில், யூத அகதிகளில் நிபுணர்களாக உள்ளவர்களை இந்தியாவில் பணியமர்த்த ஆட்சேபணை இல்லை என்ற கருத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். கமிட்டி அதை ஏற்கவில்லை. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அந்தத் தீர்மானம் தமக்குத் திகைப்பளித்ததாகவும், வெளிநாட்டுக் கொள்கை என்பது நாட்டின் நலனைப் பொறுத்தது என்றும் 1939 மார்ச்சில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார்.

நேதாஜியின் தியாகத்தை மதிப்பவன் நான். அடிமைப்பட்ட நாட்டின் தலைவர் தம் மக்களின் நலனையே முதலில் எண்ணினார் என்பதும் புரிகிறது. ஆயினும் இந்தப் பக்கத்தையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். பெரியவர்களை மதிப்பது என்பது அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது ஆகாது.

நேருவின் தீர்மானத்திலும் ஒரு வரம்பு இருந்ததைக் கவனியுங்கள். அது நிபுணர்களுக்கு மட்டும். தையற்காரருக்கும், ரொட்டிக் கடைக்காரருக்கும், பேரனைப் பிரிய மனமில்லாத பாட்டிக்கும் அதில் இடமில்லை. கொல்லப்பட்ட அறுபது இலட்சத்தில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட சாதாரண மக்கள்தான்.

அகதி கட்டிய வீடுகள்

பார்ன் போய்விட்டாலும் பெங்களூரில் அவர் விட்டுச்சென்ற அறிமுகம் வீண்போகவில்லை. அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர். 1933-இல் வேலை இழந்து எகிப்துக்குப் போனவர். மைசூர் சமஸ்தானத்தின் திவான் சர் மிர்சா இஸ்மாயில் அவரை ஏற்று, 1939-இல் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தார். மாமாவுக்கு மூடிய ஊர் மருமகனுக்குத் திறந்தது.

இவர் நம் வெயிலைப் படித்தார். காற்று எந்தப் பக்கம் வரும், சுவரில் வெயில் எந்த நேரம் விழும், கூரை எவ்வளவு நீள வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டடங்களை வரைந்தார். இந்திய அறிவியல் கழகத்திலும் அவர் கட்டியவை உண்டு. தாம் ஒரு காலத்தில் 'போதாது' என்று கேட்ட அதே வளாகத்தில் மருமகன் கட்டடம் எழுப்பினான் என்பது பார்னுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஜாம்ஷெட்பூருக்கும், 1948-இல் ஒரிசாவின் புதிய தலைநகரான புவனேஸ்வருக்கும் நகரத் திட்டம் வகுத்தவரும் இவரே.

1947-இல் பிரிவினை வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து எல்லை கடந்தார்கள். அவர்களுக்குக் குடியிருப்பு அமைக்கும் பொறுப்பு புதிய இந்திய அரசின் தலையில் விழுந்தது. 1948 முதல் 1951 வரை மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தவர் கோனிக்ஸ்பெர்கர்தான். பரீதாபாத், நீலோகேரி போன்ற அகதிக் குடியிருப்பு நகரங்களின் திட்டங்களில் அவர் பணியாற்றினார். எல்லாமே வெற்றி பெறவில்லை. தயார்நிலைப் பாகங்களை ஆலையில் செய்து வீடு கட்டும் அவரது டில்லித் திட்டம் தோல்வியடைந்தது. பிறகு இலண்டன் சென்று, வெப்ப நாடுகளின் கட்டடக் கலையை மாணவர்களுக்குக் கற்பித்து, 1999-இல் மறைந்தார். வீடு பறிக்கப்பட்ட ஒருவர், வீடு பறிக்கப்பட்ட இந்தியர்களுக்கு வீடு கட்ட உழைத்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நமக்கு இருந்த பழைய கடன்

இதில் நமக்கு ஒரு கடனும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் போராட்டம் நடத்தியபோது, சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்க இடமில்லாமல் தவித்தன. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக், ஜெர்மானிய யூதர், கட்டடக் கலைஞர். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே குஜராத்தியரும், தமிழரும், ஆந்திரரும், வட இந்தியரும் ஒன்றாக வாழ்ந்ததைக் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற அதே 1913 போராட்டத்தில் காலன்பாக்கும் சிறை சென்றார். நம் தமிழ்த் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கூரை கொடுத்த ஒருவரின் இனத்தார்தான் கால் நூற்றாண்டு கழித்து உலகமெங்கும் கூரை தேடி அலைந்தனர்.

இன்னும் பழைய சான்றும் உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு கொச்சியில் பாதுகாக்கப்படுகிறது. எழுதப்பட்ட எழுத்து நம் பழைய வட்டெழுத்து. வந்தவருக்கு இடம் கொடுப்பதற்கு நம் முன்னோர் கையெழுத்திட்டே கொடுத்திருக்கிறார்கள்.

'மனவாடு' என்ற ஒரு சொல்

இவையெல்லாம் திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

1984-இல் நான் ரேணிகுண்டாவுக்கு மாற்றலாகி வந்தபோது திருப்பதியில் வீடு தேடினேன். தெலுங்கு சரளமாக வராது. இரண்டு இடங்களில் "தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு என்னுடன் வேலை செய்த மூத்த தெலுங்குத் தொழிலாளி ஒருவர் வந்தார். வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது ஒரே சொல்: "மனவாடே". நம்ம ஆள்தான். சாவி கைக்கு வந்தது. என்னைப் பற்றி அவருக்கு மூன்று வாரமாகத்தான் தெரியும். என் துன்பத்தை அந்த யூதர்களின் துன்பத்தோடு ஒப்பிட மாட்டேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் அந்தச் சொல்லின் பலம் என்ன என்பதை அன்று கண்டேன். இராமன் பார்னுக்காகச் சொன்னது அதைத்தான். மிர்சா இஸ்மாயில் சொன்னதும், பம்பாய்ச் சங்கத்தார் கையெழுத்திட்டதும் அதைத்தான். எவியானில் 32 நாடுகள் சொல்ல மறுத்ததும் அதே சொல்லைத்தான்.

தமிழர்களும் கதவருகே நின்றவர்கள்தாம். 1942-இல் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாமல் ஆக்கியது. அங்கும் முதலில் பறிபோனது காகிதமே. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் இன்றும் தமிழகத்து முகாம்களில் வாழ்கின்றனர். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே திருமணமாகி, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். யூதர்களைக் காக்கத் தவறிய அனுபவத்துக்குப் பிறகு 1951-இல் உருவான அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்று நம் ஊருக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி இளைஞர்கள் வருகிறார்கள். நம்மில் பலர் இப்போது வீட்டுச் சொந்தக்காரர்கள். "தெரிந்தவர் உண்டா?" என்று கேட்கும் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள், அது தவறில்லை. ஆனால் 'உள்ளூர்க்காரர் இல்லை' என்பதையே மறுக்கும் காரணமாக்கும்போது, நாம் பேசுவது எவியான் ஹோட்டலில் பேசப்பட்ட பேச்சு என்பதை நினைவில் வையுங்கள்.

மாணவர்களுக்கான பயிற்சி

1. எவியான் மாநாட்டில் நாடுகள் கூறிய காரணங்களில் மூன்றை எழுதுக. அவற்றுக்கு உன் பதில் என்ன?

2. அகதிகளில் நிபுணர்களை மட்டும் ஏற்கலாம் என்ற கருத்தின் நன்மை என்ன, குறை என்ன?

3. குரூனிங்கர் சட்டத்தை மீறினார். அவர் செய்தது சரியா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து வாதிடுக.

4. உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்தபோது முதன்முதலில் உங்களுக்காகப் பேசியவர் யார்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அரைப் பக்கம் எழுதி, அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.